பால் பத்தலையோ என்ற அச்சம்

என் தங்கைக்கு அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் இரவு, பதினொரு மணிக்கு மேல், அவளுடைய கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை மாலை ஆறு மணியிலிருந்தே மார்பைச் சப்புவதும், பத்து நிமிடத்தில் கண்ணயர்வதும், தொட்டிலில் கிடத்தினால் வீறிட்டு அழுவதுமாக இருந்தது. தங்கையின் மாமியார் நல்ல மனம் கொண்டவர். மருமகளைக் குறை சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அவரும் பதறிப்போய், மெதுவான குரலில்தான் சொன்னார்: “புள்ளைக்குப் பால் பத்தல கண்ணு. வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கு பாரு.” தங்கை பதில் பேசவில்லை. கையால் இயக்கும் பம்பை மார்பில் வைத்து இருபது நிமிடம் அழுத்தினாள். புட்டியின் அடியில் இளமஞ்சளாக ஒரு தேக்கரண்டி அளவுதான் தேங்கியது. அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, எனக்குப் பாலே இல்லியாக்கா?” என்று கேட்டாள். பக்கத்துச் சிறிய அலமாரியின் மேல், மாலையில் பார்க்க வந்த உறவினர் ஒருவர் வாங்கிவைத்த பால்பவுடர் டின் பிரிக்கப்படாமல் இருந்தது.

இந்தக் கேள்வியைத் தனக்குள்ளாவது கேட்டுக்கொள்ளாத தாய் அரிது. தாய்ப்பாலை எதிர்பார்த்ததற்கு முன்னதாக நிறுத்தியதற்கும், புட்டிப்பாலைச் சேர்த்ததற்கும் பல நாடுகளின் தாய்மார் சொல்லும் காரணங்களில் ‘பால் போதவில்லை’ என்பதே முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் உடற்கூற்றுக் காரணத்தால் போதிய பால் சுரக்கவே முடியாத தாய்மார் அவர்களுள் மிகச் சிலர்தான். தமிழ்நாட்டின் நிலையைப் பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் இந்திய அளவில் சுமார் 42 விழுக்காடு. தமிழ்நாட்டில் சுமார் 60 விழுக்காடு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் இந்திய அளவில் சுமார் 64 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டிலோ அது 55 விழுக்காடுதான். தொடங்குவதில் முன்னே நிற்கும் மாநிலம் தொடர்வதில் பின்தங்கிவிடுகிறது. வேலைக்குத் திரும்ப வேண்டிய நெருக்கடி போன்ற வேறு காரணங்களும் இதற்கு உண்டு என்றாலும், மருத்துவமனைக் கட்டிலுக்கும் நாற்பதாம் நாளுக்கும் இடையே வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘பத்தலை’ என்பதுதான்.

முதலில் அந்த மூன்றாம் இரவில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு சீம்பாலை உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அதைப் பெருகவிடாமல் அடக்கிவைத்திருக்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்த ஹார்மோனின் அளவு சட்டென்று சரிய, ஏற்கெனவே உயர்ந்திருக்கும், பாலை உண்டாக்கும் ஹார்மோனான புரோலாக்டின் தன் வேலையைத் தடையின்றிச் செய்யத் தொடங்குகிறது. இந்த மாற்றம் ஒரே பொழுதில் முடிவதில்லை. மார்பு கனத்து, பால் இறங்கிவிட்டது என்று தாயே உணர்வதற்கு இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். தலைப்பிரசவத்திலும், நீண்டு இழுத்த பிரசவ வலிக்குப் பிறகும், அறுவைச் சிகிச்சையிலும், சர்க்கரை நோயோ உடல் பருமனோ உள்ள தாய்மாரிடத்திலும் அது இன்னும் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகக்கூடும். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் அறுவைச் சிகிச்சை சுமார் 45 விழுக்காடு என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பாதித் தாய்மார், பால் சற்றுத் தாமதமாக இறங்கும் வாய்ப்போடும், தையல் வலியோடும், நிமிர்ந்து உட்கார இயலாத நிலையோடும்தான் தாய்ப்பால் ஊட்டத் தொடங்குகிறார்கள். இந்தத் தாமதத்தை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை.

முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிக்கும் சீம்பாலின் அளவு 2 முதல் 10 மில்லி லிட்டர் வரைதான். இரண்டாம் நாளில் அது 5 முதல் 15 ஆகவும், மூன்றாம் நாளில் 15 முதல் 30 ஆகவும், நான்காம் நாளில் 30 முதல் 60 ஆகவும் உயர்கிறது. என் தங்கை விளக்கொளியில் பார்த்துக் கலங்கிய அந்த ஒரு தேக்கரண்டி, பம்புக்கு இன்னும் பழகாத மார்பிலிருந்து வந்தது. குழந்தையின் வாய் அதைவிட நன்றாகவே எடுத்திருக்கும். அளவில் சிறிதானாலும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்களும் வெள்ளணுக்களும் வைட்டமின் ஏயும் செறிந்திருக்கின்றன. குடலில் தங்கியிருக்கும் கருமலத்தை இளக்கி வெளியேற்றும் தன்மையும் அதற்கு உண்டு. இயற்கை இந்த நாள்களில் குழந்தைக்குக் கொடுப்பது பெருவிருந்தல்ல, மருந்தின் அளவில் ஒரு தொடக்கம். அந்தச் சில நாள்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவதும் இயல்பு. பிறந்த எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்து, பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பழைய எடையை எட்டிவிட வேண்டும் என்பதே மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இந்த முதல் இரண்டு மூன்று நாள் இடைவெளியை நம் ஊர்களில் வெறுமையாக விட்டுவைக்கும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. சேனை வைத்தல் என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் குழந்தையின் நாவில் தொட்டுவைப்பார். ‘அவரைப் போலப் பிள்ளைக்கும் குணம் வரும்’ என்று அதற்கு ஒரு நம்பிக்கையும் உண்டு. கழுதையை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து சங்களவு பால் கறந்து விற்பவர்களைச் சிறு நகரங்களில் இன்றும் பார்க்கலாம். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி வெளியே விட்ட தலைமுறையும் ஒன்று இருந்தது. இவற்றின் பின்னாலுள்ள அன்பை நான் ஐயுறவில்லை. ஆனாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதில் பாட்டுலிசம் என்னும் நச்சு நோயின் ஆபத்து இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடுவதும் குறைகிறது. பால்பவுடர் டின் வந்து அமர்ந்தது, சேனை ஏற்கெனவே ஒதுக்கிவைத்த அந்த இடத்தில்தான்.

மார்பைத் தேடுவது குறைந்தால் என்ன ஆகும் என்பதில்தான் இந்த விஷயத்தின் முடிச்சே இருக்கிறது. இறைத்த கிணறு ஊறும் என்பார்கள்; பால் சுரப்புக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. குழந்தை சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் வழியாக மூளைக்குச் செய்தி போய், பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வெளிவருகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் ஏற்கெனவே உண்டான பாலைச் சுரப்பி அறைகளிலிருந்து பிழிந்து காம்புக்கு அனுப்புகிறது. முதல் வாரங்கள் கடந்த பிறகு ஆட்சி மூளையின் கையிலிருந்து மெல்ல மார்புக்கே மாறிவிடுகிறது. மார்பில் பால் தேங்கி நின்றால் அந்தத் தேக்கமே சுரப்பை மெதுவாக்குகிறது. பால் வெளியேறினால் சுரப்பு வேகமெடுக்கிறது. ஒரு மார்பில் அடிக்கடி ஊட்டி மறு மார்பில் ஊட்டாமல் விட்டால், இரண்டும் ஒரே உடலில், ஒரே இரத்தத்தில் இருந்தும், ஒன்று மட்டும் வற்றுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது அலமாரியின் மேலிருக்கும் டின்னைத் திறந்தால் நடப்பதைச் சங்கிலியாகப் பார்க்கலாம். இரவு பன்னிரண்டு மணிக்குப் புட்டியில் 60 மில்லி கொடுத்ததும் குழந்தை நாலு மணி நேரம் அயர்ந்து தூங்குகிறது. வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ‘பாத்தியா, பசிதான்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நாலு மணி நேரமும் மார்பு இறைக்கப்படவில்லை. புரோலாக்டின் உயர்ந்து நிற்கும் நள்ளிரவு வேளையே கைவிட்டுப் போகிறது. மறுநாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகுகிறது. காம்பு தட்டையாகிப்போவதால் குழந்தையால் கவ்வ முடியவில்லை. ரப்பர் காம்பில் உழைப்பில்லாமல் வாயில் வழியும் பாலுக்குப் பழகிய குழந்தைகளில் சில, மார்பில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகின்றன. இரண்டாம் நாள் புட்டி இரண்டு வேளையாகிறது. பத்தாம் நாளில் மார்பிலிருந்து வருவது உண்மையிலேயே குறைந்துவிடுகிறது. போதாதோ என்ற அச்சம் போதாமையையே உண்டாக்கிவிட்ட பிறகு, ‘அன்னைக்கே சொன்னேனே’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. எங்கே தொடங்கியது என்று எண்ணிப்பார்க்க யாரும் இல்லை.

கடிகாரம் பார்த்துப் பால் கொடுக்கும் பழக்கமும் இதே சங்கிலியின் ஒரு கண்ணிதான். நியூசிலாந்தைச் சேர்ந்த டுரூபி கிங் என்ற மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் ஊட்ட வேண்டும், இரவில் ஊட்டவே கூடாது என்று வகுத்த ஒழுங்குமுறை ஆங்கிலம் வழங்கிய நாடுகளெங்கும் பரவியது. தாய்ப்பாலை ஆதரித்தவர்தான் அவர். ஆனாலும் அவருடைய அட்டவணை சுரப்பின் விதிக்கு நேர் எதிராக இருந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை, சில நாள் அதற்கும் மேலாக ஊட்டுவதுதான் இயல்பு. இன்றும் ‘ரெண்டு மணி நேரம் ஆகட்டும், அதுக்குள்ள எதுக்கு’ என்று கையைத் தடுக்கும் குரலில் அந்தப் பழைய அட்டவணையின் எச்சம் கேட்கிறது.

பால் குறைவு என்று தாய்மார் நம்புவதற்குக் காட்டும் அடையாளங்களில் பெரும்பாலானவை பாலைப் பற்றி எதையுமே சொல்லாதவை. அழுகையை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் அழுகை வாரத்துக்கு வாரம் கூடி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை எட்டி, பிறகு தணிகிறது என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். தாய்ப்பால் குடித்தாலும் புட்டிப்பால் குடித்தாலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. மாலை வேளையில் அரை மணிக்கொரு தரம் குழந்தை மார்பைக் கேட்பதும் அப்படித்தான்; வளர்ச்சி வேகமெடுக்கும் நாள்களில் குழந்தை அடிக்கடி சப்பி, வரப்போகும் தேவைக்குச் சுரப்பைக் கூட்டிக்கொள்கிறது. மூன்று நான்கு வாரம் போனதும் மார்பு முன்போலக் கனக்காமல் தளர்ந்துபோவதைப் பார்த்து, ‘பால் வத்திப்போச்சு’ என்று முடிவு கட்டுகிறார்கள். தேவைக்குத் தக்கபடி சுரக்க மார்பு கற்றுக்கொண்டுவிட்டது என்பதுதான் அந்தத் தளர்ச்சியின் பொருள். ‘தண்ணியா இருக்கே, இதுல என்ன சத்து’ என்ற கவலைக்கும் இடமில்லை. மார்பு நிறைந்திருக்கும்போது வரும் பால் நீர்த்தும், காலியாக ஆகக் கொழுப்புக் கூடியும் இருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு வேளை உணவு. பால் ஒழுகவில்லை, பம்பில் வரவில்லை, பக்கத்துக் கட்டில் குழந்தை மூன்று மணி நேரம் தூங்குகிறது என்பவையும் இந்த வரிசையில் சேர்ந்தவையே.

ஒப்பிட்டுப் பார்ப்பது எவ்வளவு பயனற்றது என்பதை 2006ஆம் ஆண்டு வெளியான மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று எனக்குப் புரியவைத்தது. ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான, தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளர்ந்துகொண்டிருந்த 71 குழந்தைகளை, ஒவ்வொரு முறை ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு அவை குடித்த பாலின் சராசரி 788 கிராம். ஆனால் மிகக் குறைவாகக் குடித்த குழந்தைக்கு 478 கிராம் போதுமாக இருந்தது, மிக அதிகமாகக் குடித்ததோ 1356 கிராம் குடித்தது. ஒரு குழந்தை ஒரு நாளில் ஆறு முறை குடித்தது, இன்னொன்று பதினெட்டு முறை குடித்தது. எல்லாமே ஆரோக்கியமான குழந்தைகள். மார்பில் இருந்த பாலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் குழந்தைகள் சராசரியாக எடுத்துக்கொண்டன, மீதி மிச்சமிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையை அளவுகோலாக வைத்துத் தன் மார்பை அளக்கும் தாய், ஆறுக்கும் பதினெட்டுக்கும் இடையே எங்கே நிற்கிறாள் என்று தெரியாமலேயே தன்மேல் குற்றம் சுமத்திக்கொள்கிறாள்.

எதைப் பார்க்க வேண்டும் என்றால், உள்ளே போவதை அளக்க முடியாதபோது வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒரு துணி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று சிறுநீரில் நனைந்து, ஐந்தாறு நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு துணிக்குக் குறையாமல் நனைய வேண்டும். சிறுநீர் வெளிறி இருக்க வேண்டும். தார் போன்ற கருமலம் மூன்றாம் நாளில் பச்சையாக மாறி, ஐந்தாம் நாளை ஒட்டி மஞ்சளாகி, முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறையாவது வர வேண்டும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நாள் கணக்கில் மலம் போகாமல் இருப்பதும் தாய்ப்பால் குழந்தைக்கு உண்டு. அது வேறு கதை. குடிக்கும்போது வேகமாகச் சப்பிவிட்டு, பிறகு நிதானமாக, இழுத்து விழுங்கும் ஓசை கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி எடை. முதல் வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் பாலைப் பற்றிய வழக்கை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். வீட்டில் பேரன் பேத்திக்குத் துணி மாற்றும் பாட்டிதான் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளப் பொருத்தமானவர். முழு நாளும் டயாபர் கட்டிவிடும் வீடுகளில் இந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பதால், முதல் இரண்டு வாரமாவது பழைய பருத்தி வேட்டித் துணியைக் கட்டுவது நல்லது என்பேன்.

எடையிலும் ஒரு பழைய கோணல் இருந்தது. நெடுங்காலம் உலகெங்கும் புழங்கிய வளர்ச்சி அட்டவணையில் கைக்குழந்தைகளுக்கான பகுதி, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்து வரையப்பட்டது. தாய்ப்பால் குழந்தைகள் முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக எடை கூடிப் பிறகு நிதானமாக வளர்பவை. அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தால் நாலாவது மாதத்துக்கு மேல் அவை பின்தங்குவதுபோலத் தெரியும். அதைப் பார்த்துப் பால் போதவில்லை என்று புட்டியைப் பரிந்துரைத்த மருத்துவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து 2006ஆம் ஆண்டு புதிய அட்டவணையை வெளியிட்ட பிறகுதான் இந்தக் கோணல் நிமிர்ந்தது. இந்தியக் குழந்தைகள் தில்லியின் தெற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

பால் இருந்தும் குழந்தைக்குப் போய்ச் சேராத நிலை ஒன்று உண்டு. என் தங்கைக்கு நேர்ந்தது அதுதான். இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒருவர் இரண்டு மணி வாக்கில் எங்கள் கட்டிலருகே வந்து, டின்னைப் பார்த்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் குழந்தையை எடுத்தார். தையலில் படாதபடி, தங்கையின் கைக்கு அடியில் ஒரு தலையணையை வைத்து, குழந்தையின் உடல் பக்கவாட்டில் அவள் அக்குளுக்குக் கீழே வருமாறு கிடத்தி, பிடரியை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். காம்பால் குழந்தையின் மேலுதட்டை லேசாக வருடினார். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறந்த அந்த நொடியில், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல், குழந்தையை மார்பிடம் கொண்டுவந்து சேர்த்தார். முகவாய் மார்பில் அழுந்தியது. கீழுதடு வெளிப்புறம் மடிந்தது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலே கொஞ்சம் தெரிந்தது, கீழே தெரியவில்லை. “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். “இல்ல சிஸ்டர்” என்றாள் தங்கை, தானே வியந்துபோய். அதற்கு முன் மூன்று நாளாகக் குழந்தை காம்பை மட்டுமே பற்றிக்கொண்டு மென்றிருக்கிறது. காம்பில் வெடிப்பு கண்டதும் அதனால்தான், பத்து நிமிடத்தில் களைத்துத் தூங்கியதும் அதனால்தான். சிறிது நேரத்தில் அந்த நிசப்தத்தில் மெல்லிய ‘க்’ என்ற ஓசை, கொஞ்சம் இடைவெளி விட்டு மீண்டும் ஒன்று என்று கேட்டது. நானும் மாமியாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2 கிலோ 900 கிராமில் பிறந்த குழந்தை நான்காம் நாள் 2 கிலோ 680 ஆக இறங்கி, பன்னிரண்டாம் நாள் 2 கிலோ 940ஐத் தொட்டது. குழந்தையை மார்பைச் சரியாகக் கவ்வவைக்கத் தெரிந்த ஒரு கை, ஒரு பத்து நிமிடம் செலவழித்ததன் பயன் அது. தாய்ப்பால் வார விழாக்களில் ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்ற பதாகைக்குக் கீழே நின்று பேசுபவர்கள் ஏராளம். தாய்மாருக்கு அந்தச் செய்தி தெரியாமல் இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது, இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே வந்து குழந்தையைச் சரியாகப் பிடித்துக்காட்டும் ஓர் ஆள். நெரிசலான வார்டில் ஒரு செவிலியர் எத்தனை தாய்மாருக்கு அதைச் செய்ய முடியும் என்ற கேள்வியைக் கேட்காமல் தாய்மாருக்கு அறிவுரை மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உணவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி, பால்சுறாப் புட்டு, பிரசவ லேகியம் என்று பச்சை உடம்புக்காரிக்கு நம் வீடுகள் சமைத்துப்போடுவது பெரிய பட்டியல். தமிழக அரசு 2015ஆம் ஆண்டு தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்திலேயே தாய்க்காகச் சௌபாக்கிய சுண்டி லேகியம் வைக்கப்பட்டிருந்தது. இவற்றில் முருங்கை, வெந்தயம் போன்ற சிலவற்றுக்குச் சிறு அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவுகள் உறுதியானவை அல்ல. எனினும் பிள்ளை பெற்றவளுக்குப் புரதமும் இரும்புச் சத்தும் சுடச்சுட யாரோ ஒருவர் கையால் கிடைப்பது எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டிய நன்மை அல்ல. என் கவலை சேர்ப்பதில் இல்லை, விலக்குவதில்தான் இருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, பழத்தையும் காயையும் பருப்பையும் நிறுத்தி, பால் ஊட்டும் பெண்ணைச் சோறும் வறுத்த பூண்டுமாக நாற்பது நாள் வைத்திருப்பது அவள் உடம்பைத்தான் கரைக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதைத் தடுக்கக் கூடாது. அதே நேரம் குடம் குடமாகக் குடிப்பதால் பால் கூடிவிடுவதும் இல்லை. குழந்தைக்கோ கத்திரி வெயிலிலும் தனியே தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

மனமும் இதில் ஒரு பங்காளி. வலியும் பயமும் கூச்சமும் ஆக்ஸிடோசினைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன; அப்போது பால் உண்டாகி உள்ளே இருந்தாலும் இறங்காது. சுற்றி நின்று நாலு பேர் ‘வருதா, வருதா’ என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது பம்பில் சொட்டாத பால், அறையில் தனியாகக் குழந்தையை வெற்று மார்பின்மேல் கிடத்திக்கொண்டு அரை மணி நேரம் சாய்ந்திருந்தால் தானாக வழிவதை எத்தனையோ தாய்மார் கண்டிருக்கிறார்கள். கண்ணேறு பட்டுப் பால் வற்றிவிட்டது என்று வீடுகளில் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கண்கள் அவளைச் சூழ்ந்து நிற்பது உண்மை, பால் தடைப்படுவதும் உண்மை. ஆனால் தடை தற்காலிகமானது. சுற்றம் சற்று விலகி நின்றால் நீங்கிவிடுவது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையான குறைவு என்று ஒன்று இருக்கிறது என்பதை அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். தாய்ப்பாலை ஆதரிப்பவர்கள் இதை விழுங்கிவிடுவதால் சில குழந்தைகள் ஆபத்துக்குள்ளாகின்றன. நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கிவிட்டால், புரோஜெஸ்டிரோன் இறங்காமல் பால் வராது. பிரசவத்தில் பெருமளவு இரத்தம் போய் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, முன்பு மார்பில் செய்த அறுவை, கர்ப்பத்திலும் வளராத குறைந்த சுரப்பித் திசு, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். நாள் நிறையுமுன் பிறந்த குழந்தையும், நாக்கின் அடிச்சவ்வு இறுகிய குழந்தையும் சரியாக உறிஞ்ச முடியாததால் சுரப்பு சரியலாம். ஐந்தாம் நாளிலும் மலம் கறுப்பாகவே இருந்தால், சிறுநீர்த் துணியில் செங்கல்பொடி நிறக் கறை மூன்று நாளுக்கு மேலும் தொடர்ந்தால், எட்டு மணி நேரமாகத் துணி நனையாவிட்டால், எழுப்பினாலும் எழாமல் குழந்தை துவண்டு கிடந்தால், மஞ்சள் காமாலை கால் வரை பரவினால், உடலில் உப்பு ஏறி நீர் வற்றும் நிலை நெருங்குகிறது என்று கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரமாகியும் பிறந்த எடை திரும்பாவிட்டாலும் காட்ட வேண்டும். அப்போது ‘இன்னும் கொஞ்சம் முயன்று பார்’ என்று தாயிடம் சொல்வது கொடுமை.

அந்த நிலையில் கூடுதல் பால் கொடுப்பது தோல்வி அல்ல, சிகிச்சை. அதைக் கொடுக்கும் முறைதான் முக்கியம். முதலில் மார்பு, பிறகு பீய்ச்சி எடுத்த தாய்ப்பால், அதுவும் போதாவிட்டால் பிற தாய்மார் தானமாகத் தந்த பாலைச் சேமிக்கும் தாய்ப்பால் வங்கியின் பாலோ பவுடர் பாலோ என்ற வரிசையில், மருத்துவர் சொன்ன அளவுக்கு மட்டும், புட்டிக்குப் பதிலாகப் பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில் புகட்டலாம். நம் பாட்டிமார் வெள்ளியிலும் பித்தளையிலும் வைத்திருந்த அதே பாலாடையைத்தான் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்று எஃகில் வைத்திருக்கிறார்கள்; மருத்துவ ஆய்வேடுகளிலும் அதற்குப் பாலாடை என்றே பெயர். கூடவே இரவு உட்பட ஒரு நாளில் எட்டு முறையாவது மார்பைக் காலி செய்துகொண்டிருந்தால் சுரப்பு பல பேருக்கு மீண்டும் உயர்கிறது. டாம்பெரிடோன் மாத்திரையை மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் பால் சுரப்புக்காக அதைப் பயன்படுத்துவது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004ஆம் ஆண்டே எச்சரித்தது. மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடக் கூடாது.

தாய்ப்பால் வங்கிகளில் இந்தியாவின் முதலாவது மும்பை சயான் மருத்துவமனையில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் அவை இயங்குகின்றன. அங்கு சேரும் பால் முதலில் போவது குறைமாதக் குழந்தைகளுக்குத்தான். பால்பவுடரை விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரியாகத் தாய்மாருக்குக் கொடுப்பதையும், மருத்துவமனைகள் வழியாக விற்பனையைப் பெருக்குவதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தியாவில் தடை செய்திருக்கின்றன. ஆனால் உறவினர் அன்போடு வாங்கிவரும் டின்னை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. தங்கையின் அலமாரியில் இருந்த டின்னை அவளுடைய மாமியாரே ஐந்தாம் நாள் காலை கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குக் கிடைத்த பணத்தில் பழமும், தையல் போட்ட உடம்புக்குச் சாய்ந்து உட்கார ஒரு பெரிய தலையணையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.